ஒரே ரயிலில் ஏறி இரண்டு ஊரில் இறங்கியது எப்படி? 23 நாள் ஐரோப்பியப் பயணம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நான் வேலை பார்ப்பது ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். ஏதாவது ஒரு பாகம் பழுதாகி வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தால், அது ஏன் அப்படி ஆயிற்று என்று அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. "ஏன்?" என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கும் ஒரு "ஏன்?". இப்படி ஐந்து முறை. டொயோட்டாக்காரர்கள் கிளப்பிவிட்ட பழக்கம் இது. ஐந்தாவது ஏனுக்குள் உண்மை வெளியே வந்துவிடும், அல்லது எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவார்.

2025 மே மாதம் நானும் என் கணவரும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு 23 நாள் ஐரோப்பாவில் சுற்றினோம். ரோம், வெனிஸ், வியன்னா, பிராக், பெர்லின், கொலோன், ஆம்ஸ்டர்டாம், கடைசியில் சோஃபியா. திரும்பி வந்து கணக்குப் பார்த்ததில், குறித்துவைக்கத் தகுந்த அசம்பாவிதங்கள் பதினொன்று. உயிர்ச்சேதம் இல்லை. பணச்சேதம் கொஞ்சம். மானச்சேதம் தனிக்கணக்கு.

சொந்தக்காரர்களிடம் சொன்னால் சிரித்துவிட்டு, "தெரியாத ஊர், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். அறிக்கை எழுதுகிறவள் என்ற முறையில் இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. தெரியாததால் வந்தவை பதினொன்றில் இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் தெரிந்ததால் வந்தவை. முந்தின ஊரில் அடிபட்டுக் கற்றுக்கொண்டதை அடுத்த ஊரில் மிகக் கவனமாகச் செய்தோம். அங்கே அதுதான் தப்பாக இருந்தது.

சம்பந்தப்பட்டவர்களும் சாமான்களும்

இவர் அட்டவணைக்காரர். கிளம்புவதற்கு நாலு மாதம் முன்பே எந்த நாள் எந்த ஊர், எந்த ரயில், எங்கே கழிப்பறை இலவசம் என்பது வரை எக்ஸெல்லில் ஏறிவிட்டது. நான், போய் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்கிற கட்சி. அட்டவணையில் இல்லாதது நடந்தால் இவர் உறைந்துபோவார். கேட்பதற்கு ஆள் கிடைக்காவிட்டால் நான் உறைந்துபோவேன்.

இவர் பை 11 கிலோ, என் பை 9. "எதுக்கு ரெண்டு ரெண்டு? கூடவேதானே இருக்கப்போறோம்" என்ற கொள்கைப்படி ஒரே ஒரு பிளக் அடாப்டர், ஒரே பவர் பேங்க், ஒரே சிம். சிம் இவர் போனில். எனக்கு அதிலிருந்து ஹாட்ஸ்பாட். இருவருடைய ரயில் பாஸும் இவர் போனில். இருவருடைய பாஸ்போர்ட்டும் என் பையில். தொழிற்சாலையில் எவனாவது இப்படி ஒரு வடிவமைப்பைக் கொண்டுவந்திருந்தால் வரைபடத்தோடு அவனைத் திருப்பி அனுப்பியிருப்பேன். வீட்டுக்காரர் என்பதால் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பாஸ் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு யூரெயில். நாங்கள் எடுத்தது ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஏழு நாள் பயணம் செய்துகொள்ளும் வகை. இத்தாலியின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் தனியாகப் பணம் கட்டி இருக்கையை முன்பதிவு செய்தே ஆக வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான ரயில்களுக்கு அது தேவையில்லை. ஏறி, காலியான இடத்தில் உட்காரலாம். இந்தச் சலுகையைக் கேட்டு இவர் மிகவும் மகிழ்ந்தார். அதன் விலை பிற்பாடுதான் தெரிந்தது.

இன்னொரு விஷயமும் பதிவாக வேண்டும்: இவருடைய தலை. சம்மதம் என்றால் நம்மவர்கள் ஆட்டுவதுபோலவே இடமும் வலமுமாக ஆட்டுவார். ரோமில் முதல் நாள் ஐஸ்கிரீம் கடையில் அந்தப் பெண் மேலே கிரீம் வைக்கட்டுமா என்று சைகையில் கேட்க, இவர் ஆட்ட, அவள் கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு "சி? நோ?" என்று தவித்தாள். அன்று ராத்திரியே பயிற்சியைத் தொடங்கினேன். "மேலும் கீழும் ஆட்டுங்க. கழுத்து மட்டும்தான் அசையணும்." மூன்று வாரம் விடாமல் திருத்தினேன். பெர்லின் வருவதற்குள் ஒரு ராணுவ அதிகாரி மாதிரி தலையசைக்கப் பழகிவிட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

குத்தாத டிக்கெட்டும் குத்திய டிக்கெட்டும்

மூன்றாம் நாள். ரோமிலிருந்து ஒன்றேகால் மணி நேர தூரத்தில், குன்றின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது ஒர்வியெத்தோ என்ற ஊர். பாஸில் ஒரு நாளைச் செலவழிக்க இவருக்கு மனசு வரவில்லை. இயந்திரத்தில் காகித டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளூர் ரயிலில் ஏறினோம். பரிசோதகர் வந்து டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

இத்தாலியில் உள்ளூர் ரயில்களின் காகித டிக்கெட்டை, ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டிக்குள் விட்டு நேரம் குத்திக்கொள்ள வேண்டும். குத்தாவிட்டால் அதே டிக்கெட்டை மறுபடியும் பயன்படுத்தலாமே என்பது அவர்கள் கட்சி. நியாயம்தான். அபராதம் கட்டினோம். தொகையை எழுத வேண்டாம் என்று இவர் கேட்டுக்கொண்டார். இவருடைய அம்மா இதைப் படிப்பார்.

அந்த ஊரில் சான் பத்ரீத்சியோ என்று ஒரு கிணறு. முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டும் என்று 16ஆம் நூற்றாண்டில் போப் ஏழாம் கிளமெண்ட் வெட்டச் சொன்னது. ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். உள்ளே சுருள் வழி இரண்டு, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இறங்குகின்றன. இறங்குவதற்கு ஒரு வழி 248 படி, ஏறுவதற்கு வேறு வழி 248 படி. தண்ணீர் சுமக்கும் கழுதைகள் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நான் அடியைத் தொட்டுவிட்டு ஏறத் தொடங்கியிருந்தேன். இவர் படம் எடுத்துக்கொண்டே இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார். நடுவில் இருக்கும் ஜன்னல் வழியாக ஒருவரையொருவர் பார்க்க முடிந்தது, பேச முடிந்தது. சேர முடியவில்லை. "அப்படியே இந்தப் பக்கம் வந்துடுங்க" என்றேன். "வழி இல்லையே" என்றார். இந்தக் கிணற்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒர்வியெத்தோ தந்த பாடம் இவர் குறிப்பேட்டில் இப்படி ஏறியது: பெட்டியைக் கண்டால் குத்து.

ஒரு வாரம் கழித்து பிராக். அங்கே டிராம், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். நாங்கள் வாங்கியது 90 நிமிட வகை, 40 கொருனா. அந்த நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி ஏறலாம். டிராமுக்குள்ளேயே மஞ்சள் பெட்டி இருந்தது. குத்தினோம். இறங்கி அடுத்த டிராமில் ஏறினோம். அங்கேயும் பெட்டி இருந்தது. டிக்கெட்டின் மறுமுனையில் குத்தினோம். எங்களுக்குப் பின்னால் ஏறியவர்கள் யாரும் குத்தாமல் உட்கார்ந்தபோது இவர் என் காதில், "பாவம், மாட்டப்போறாங்க" என்றார்.

மாட்டியது நாங்கள். பிராகில் பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், அடையாள வில்லையைக் காட்டிய பிறகுதான் யாரென்று தெரியும். டிக்கெட்டை முதல் முறை ஏறும்போது ஒரே ஒரு தடவைதான் குத்த வேண்டுமாம். இரண்டு முறை குத்தினால் செல்லாது, ஏனென்றால் எந்த நேரம் உண்மை என்று யாருக்கும் தெரியாது. இதுவும் நியாயம்தான். இவர் அவரிடம் ஒர்வியெத்தோ கதையை முதலிலிருந்து சொன்னார். அந்த மனிதர் பொறுமையாக முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு ரசீது எழுதினார். இத்தாலியில் குத்தாததற்கு, செக் நாட்டில் குத்தியதற்கு. கணக்கில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன.

பிராகில் இன்னொன்றும் நடந்தது, அதில் பங்கு முழுக்க என்னுடையது. தங்கும் வீட்டுக்குக் காலை பதினோரு மணிக்கே போய்விட்டோம். கதவைத் திறந்த அம்மாளிடம், "அறை தயாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "நோ, நோ" என்றார். சரி, இன்னும் ஆகவில்லை போலிருக்கிறது என்று வணக்கம் சொல்லிவிட்டு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். மழை தூறியது. அந்த அம்மாள் வாசலில் நின்று எங்களையே பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டேன். "நோ!" என்றார், இந்த முறை கொஞ்சம் சத்தமாக. கையில் சாவி இருந்தது. செக் மொழியில் 'அனோ' என்றால் ஆம். பேச்சில் அதைச் சுருக்கி 'நோ' என்பார்கள். 'இல்லை' என்பதற்கு அங்கே 'நெ'. ஆக, ஒரு மணி நேரமாக அவர் "ஆமாம், ஆமாம், உள்ளே வாங்க" என்று அழைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் மழையில் உட்கார்ந்து அவருக்குப் புன்னகை காட்டிக்கொண்டிருந்தோம். கிரேக்கத்தில் 'நெ' என்றால் ஆமாம் என்று பிறகு படித்தேன். நல்லவேளை, அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டு முகவரிகள்

பிராகுக்கு முன்னால் வெனிஸும் வியன்னாவும் இருந்தன. அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெனிஸ் நகரில் ஆறு வட்டாரங்கள். வீட்டு எண் தெருவுக்குத் தெரு புதிதாகத் தொடங்காது. வட்டாரம் முழுவதற்கும் ஒரே ஓட்டமாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். கஸ்தெல்லோ வட்டாரத்தில் அது ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. எங்கள் விடுதி ஐயாயிரத்துச் சொச்சம். போன் வரைபடம் எங்களை ஒரு கால்வாயின் விளிம்பில் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டதாக அறிவித்தது. கதவு எதிர்க்கரையில் தெரிந்தது. நடுவில் தண்ணீர். மேலே ஜன்னலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பாட்டி கையால் காற்றில் வரைந்து காட்டிய வழியில் போய், மூன்று பாலம் ஏறி இறங்கி அந்தக் கதவைத் தொட்டோம். முப்பது அடி தூரத்துக்கு இருபது நிமிடம். குறிப்பேட்டில்: எண்ணை நம்பாதே, ஆளைக் கேள். என் கட்சி ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம்.

வியன்னாவில் முகவரி '18/2/14' என்று முடிந்தது. இதுவும் ஏதோ வெனிஸ் மாதிரிக் கிறுக்கு என்று அதைப் பார்க்கவே இல்லை. தெருவில் ஆளாளைக் கேட்டுக்கொண்டு திரிந்தோம். அந்தக் கட்டடத்துக்குள் இத்தனை வாசல் இருப்பது தெருவில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? முகவரியில் எல்லாமே இருந்தது. 18ஆம் எண் கட்டடம், இரண்டாவது மாடிப்படி, 14ஆம் கதவு. இதைவிடத் துல்லியமாக ஒருவன் எழுத முடியாது. நாற்பது நிமிடம் கழித்து அதைப் படித்தோம்.

மாடி எண்ணில்தான் ஒரு சின்ன சூது. பழைய வியன்னா கட்டடங்களில் தரைத்தளம், அப்புறம் உயர் தரைத்தளம், அப்புறம் மெத்ஸனீன் என்று ஒன்று, அதன் பிறகே முதல் மாடி வருவதுண்டு. எங்களுக்குச் சொல்லியிருந்தது மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. ஐந்தாவது தடவை படி திரும்பும்போது இவர் பையைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பெர்லினில் ஒன்பது பாட்டில்

இந்த ஒன்றில் பாடம் நாங்கள் வீட்டிலிருந்தே கொண்டுபோனது. நம் ஊர்த் தண்ணீர் பாட்டில்களில், குடித்தபின் நசுக்கிப் போடச் சொல்லி எழுதியிருக்கும். இவர் அதைத் தவறாமல் செய்கிறவர். ஜெர்மனியில் அந்த மாதிரி பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. காலி பாட்டிலைச் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். இதை இவர் முன்பே படித்திருந்தார். மூன்று நாளில் ஒன்பது பாட்டிலைச் சேர்த்தார். இடம் அடைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றையும் அப்பளம் மாதிரி நசுக்கி அடுக்கி வைத்திருந்தார்.

இயந்திரம் பார்கோடைப் படிக்க வேண்டும், உருவத்தைப் பார்க்க வேண்டும். ஒன்பதையும் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் துப்பியது. பின்னால் வரிசை. ஒரு தாடிக்காரப் பெரியவர் முன்னால் வந்து, பாட்டிலை வாங்கி, வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். பாட்டில் எழுந்து நின்றது. இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அப்புறம் அரை மணி நேரம் என் கணவர், ஒரு பொறியாளர், பெர்லின் நடைபாதையில் உட்கார்ந்து பாட்டில் ஊதினார். ஒன்பதில் ஆறு தேறியது. ஒன்றரை யூரோ.

முதன்மை நிகழ்வு: ஹம்

இதற்காகத்தான் இந்த ஆய்வே. பின்னணி ரோமில் தொடங்குகிறது. வெனிஸ் ரயிலுக்கு நடைமேடை எண்ணைக் கிளம்புவதற்குச் சில நிமிடங்கள் முன்புதான் பலகையில் போட்டார்கள். எங்கள் பெட்டி ரயிலின் அந்தக் கோடியில். இரண்டு பையோடு நடைமேடை நெடுக ஓடினோம். பாதி வழியில் ரயில் ஊழியர் ஒருவர், "ஏதாவது கதவில் ஏறுங்கள், உள்ளே நடந்து போகலாம்" என்று கையைக் காட்டினார். ஏறினோம், நடந்தோம், இருக்கை கிடைத்தது. குறிப்பேட்டில்: ஓடாதே. கிட்டே இருக்கும் கதவில் ஏறு. உள்ளே நட.

பதினாறாம் நாள், பெர்லின் மத்திய ரயில் நிலையம். கொலோன் போகும் அதிவேக ரயில். முன்பதிவு இல்லை, அதனால் பெட்டி எண் என்று தேடுவதற்கே ஒன்றும் இல்லை. நான் இரண்டு பைகளோடு நடைமேடையில் நின்றேன். இவர் பிரெட்செல் என்கிற முறுக்கு மாதிரி ரொட்டி வாங்கக் கீழே போனார். என் போன் அப்போது இவர் இடுப்புப் பையில், பவர் பேங்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ரயில் வந்தது. இவர் எஸ்கலேட்டரின் தலையில் தோன்றி, நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து கத்தினார்: "நீ ஏறு, நான் உள்ளே நடந்து வர்றேன்!"

ஏறினேன். கதவு மூடியது. ரயில் நகர்ந்தது.

அந்த வழித்தடத்தில் ரயில் இரண்டு தனித்தனி ரயில்களைக் கோத்தபடி வருவது வழக்கம். பெட்டி எண் 21 முதல் 28 வரை ஒரு பாதி, 31 முதல் 38 வரை இன்னொரு பாதி. ஒவ்வொரு பாதிக்கும் இரு முனையிலும் முகம் உண்டு; முகமும் முகமும் ஒட்டிய இடத்தில் மனிதர் நடக்க வழி கிடையாது. ஹம் என்ற ஊரில் கழற்றுவார்கள். ஒரு பாதி வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்கு, மறு பாதி டார்ட்மண்ட், எஸ்ஸென் வழியாக டுசல்டோர்ஃபுக்கு. இதெல்லாம் நடைமேடைப் பலகையில் எழுதியிருந்தது. பெட்டி எண்ணைத் தேடுகிறவன்தான் அந்தப் பலகையைப் பார்ப்பான்.

இவர் சொன்ன வாக்குமூலம்: "உள்ளே நடந்தேன். ஒரு கோடியில டிரைவர் அறை. சரி, திசை மாறிடுச்சுனு திரும்பி அந்தக் கோடிக்கு நடந்தேன். அங்கேயும் டிரைவர் அறை. ஒரு ரயிலுக்கு ரெண்டு பக்கமும் தலை இருந்தா நான் என்ன பண்றது? நீ ஏறலைனு முடிவு பண்ணிட்டேன்."

என் பாதியில் பரிசோதகர் வந்தார். டிக்கெட் கணவரிடம் இருக்கிறது, நடந்து வந்துகொண்டிருக்கிறார் என்றேன். "எங்கிருந்து?" என்றார். கையைக் காட்டினேன். அந்தத் திசையைப் பார்த்தார், என் மடியில் இருந்த இரண்டு பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அப்புறம் மெதுவாக உட்கார்ந்து விளக்கினார். எனக்கு உடனே ஒர்வியெத்தோ கிணறு ஞாபகம் வந்தது. கழுதைகளுக்காகச் செய்த ஏற்பாடு.

மறுபாதியில் இருந்த சக ஊழியருக்கு அவர் தகவல் சொல்லி இவரைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் பாதி கொலோனுக்கு, இவர் பாதி டுசல்டோர்ஃபுக்கு. ஹம்மில் சில நிமிடம் நிற்கும், இவர் இறங்கி ஓடிவந்து என் பாதியில் ஏறிக்கொள்ள வேண்டியது, நான் அசையக் கூடாது. திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை.

ஹம் வந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று, இவரைக் காணோம். எனக்கு இவரைத் தெரியும். ரயிலில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். இரண்டு நிமிடம். பொறுக்கவில்லை. முதுகில் ஒரு பை, முன்னால் ஒரு பை, இறங்கி ஓடி, இவர் பாதியின் முதல் கதவில் ஏறிவிட்டேன். ஏறிய பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அதே நேரத்தில் இவர் அந்தப் பாதியின் கடைசிக் கதவில் இறங்கி, நடைமேடை நெடுக ஓடி, என் பாதியில் ஏறிக்கொண்டிருந்தார். நான் உள்ளே, இவர் வெளியே. இருவரும் ஒருவரையொருவர் கடந்திருக்கிறோம். ஒரே பிழையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தனித்தனியாகச் சரிசெய்தால் பிழை அப்படியே இருக்கும். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை இரண்டு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

கழற்றினார்கள். இவர் கொலோன் போனார், நான் டுசல்டோர்ஃப் போனேன். இரண்டு ஊருக்கும் நடுவே 40 கிலோமீட்டர்தான். டிக்கெட் எடுத்து, அடுத்த ரயிலைப் பிடித்து, அரை மணி நேரத்தில் போய்விடலாம், போனேன். ஆனால் நான் அங்கே வருவேன் என்று இவருக்கு எப்படித் தெரியும்? இவர் என்னைத் தேடி டுசல்டோர்ஃபுக்கு ரயில் ஏறியிருந்தால்? அந்த அரை மணி நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதையும் அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

கொலோன் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எதிரிலேயே தேவாலயம், 157 மீட்டர் உயரத்துக்கு இரட்டைக் கோபுரம். வாசல் படிக்கட்டில் இவர் உட்கார்ந்திருந்தார். ஏன் நகரவில்லை என்று கேட்டேன். "ஹம்ல நகர்ந்ததுலதானே இவ்வளவும்" என்றார். 23 நாளில் இவர் கற்ற பாடத்தைச் சரியான இடத்தில் பயன்படுத்தியது அந்த ஒரு தடவைதான். பிரெட்செல்லைத் தின்று முடித்திருந்தார். ஒன்றுதான் வாங்கினாராம்.

அன்று ராத்திரி ஐந்து ஏன்களையும் கேட்டேன். ஏன் பிரிந்தோம்? வேறு வேறு பாதியில் ஏறினோம். ஏன்? கிட்டே இருந்த கதவில் ஏறினார். ஏன்? உள்ளே நடந்து வந்துவிடலாம் என்று நம்பினார். ஏன்? ரோமில் அது நடந்தது. ரோமில் நடந்தது பெர்லினிலும் நடக்கும் என்று ஏன் நினைத்தீர்கள்? "ரயில்னா ரயில்தானே?" என்றார். இதற்கு மேல் தோண்ட இடமில்லை. திருத்த நடவடிக்கையாக மறுநாள் காலை எனக்குத் தனி சிம் வாங்கினோம்.

ஆம்ஸ்டர்டாமில் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். வியன்னாவில் காபி வீடு என்று போட்ட இடத்திலெல்லாம் அருமையான காபி, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை. அதே நினைப்பில் 'காபிஷாப்' என்ற பலகையைப் பார்த்து நுழைந்தோம். நெதர்லாந்தில் அந்தப் பெயருக்குக் கஞ்சா விற்கும் கடை என்று அர்த்தம். காபி வேண்டுமென்றால் கஃபேக்குப் போக வேண்டும். வாசலில் 18 வயது ஆகிவிட்டதா என்று பாஸ்போர்ட் கேட்டார்கள். இவருக்கு வயது 38. அந்தப் பூரிப்பிலேயே உள்ளே போய், பட்டியலைக் கையில் எடுத்து, இதில் எது எத்தியோப்பியக் கொட்டை என்று விசாரித்தார். ஜெர்மனியில் தேறாத மூன்று பாட்டிலையும் இங்கே ஊதிப் போட்டுப் பார்த்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இயந்திரம் ஜெர்மன் பாட்டிலை எடுக்காது.

சோஃபியா

திரும்பும் விமானம் அங்கிருந்துதான் மலிவு என்று அட்டவணை சொன்னது. பல்கேரியா 2024 மார்ச் இறுதியில் விமான வழிக்கும், 2025 ஜனவரியில் தரைவழிக்கும் நாடுகளுக்கு நடுவே பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஷெங்கன் எல்லைக்குள் வந்துவிட்டதால் பாஸ்போர்ட்டைக்கூட யாரும் பார்க்கவில்லை. பணம் அப்போது லெவ். 2026 தொடக்கத்தில்தான் யூரோவுக்கு மாறினார்கள்.

முதல் காலை, தங்கும் வீட்டில் பனித்ஸா வந்தது. பாலாடைக்கட்டி வைத்து மடித்துச் சுட்டது, சூடாக, மொறுமொறுவென்று. வீட்டுக்கார அம்மாள் தட்டை நீட்டினார். இவர் மூன்று வாரப் பயிற்சியின் பலனாக, கம்பீரமாக, மேலும் கீழும் தலையசைத்தார். அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பல்கேரியாவில் மேலும் கீழும் ஆட்டினால் வேண்டாம். இடமும் வலமும் ஆட்டினால் ஆமாம். வெளிநாட்டுக்காரரோடு பேசும்போது சிலர் மரியாதைக்காக நம் வழக்கத்துக்கு மாற்றி ஆட்டுவார்கள், ஆக எந்த ஆட்டம் எந்தக் கணக்கில் என்பது அவர்களுக்கே சிக்கல். மறுநாள் ரீலா மடாலயத்துக்குப் போகும் பேருந்தின் ஓட்டுநரிடம் "ரீலா?" என்று கேட்டேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நன்றி சொல்லி இறங்கி, சரியான பேருந்துக்காகக் காத்திருந்தோம். அந்தப் பேருந்து எங்கள் கண்ணெதிரே ரீலாவுக்குப் போயிற்று.

இவர் அன்று முழுவதும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. பிறந்ததிலிருந்து சரியாக ஆட்டிக்கொண்டிருந்த ஒரு தலை, எங்கள் பயணத்தில் அது செல்லுபடியாகும் ஒரே நாட்டுக்கு வருவதற்குள் நான் அதைக் கெடுத்து வைத்திருந்தேன்.

23ஆம் நாள், விமான நிலையம். எடை போடும் மேசையில் இருந்த பெண், பையை நீங்களே அடுக்கினீர்களா என்று கேட்டாள். இவர் களைத்துப்போயிருந்தார், பயிற்சியெல்லாம் மறந்துவிட்டது. இடமும் வலமுமாக, பழையபடி ஆட்டினார். அவள் சட்டென்று ஸ்டிக்கரை ஒட்டி 11 கிலோவை உள்ளே அனுப்பினாள்.

அடுத்து என்னிடம் கேட்டாள். நான் மேலும் கீழும் ஆட்டினேன். என் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள்.